அமெரிக்கப் போர்டிங் பள்ளி: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

“ஒழுங்கா இல்லைன்னா ஹாஸ்டல்ல சேத்து விட்டுடுவேன்.” நம் வீடுகளில் பிள்ளைகளை அடக்க இதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது. பாளையங்கோட்டையில் நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். இப்போது பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே அமெரிக்காவில் போர்டிங் பள்ளி தேடுகிறார்கள். வீட்டில் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டு எனக்கு எழுதுகிறார்கள். நான் மாசசூசெட்ஸில் ஒரு போர்டிங் பள்ளியில் ஒன்பது வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பெண்கள் விடுதி ஒன்றின் கீழ்த்தளத்திலேயே என் வீடு. நம் ஊரில் வார்டன் என்று சொல்வோமே, அதை இங்கே டார்ம் பேரன்ட் என்கிறார்கள்.

சென்னை, கோவை, சிங்கப்பூர், நியூஜெர்சி என்று எங்கிருந்து வந்தாலும் கடிதத்தின் முதல் கேள்வி ஒன்றுதான்: “எந்த ஸ்கூல் பெஸ்ட்?” பகலை மட்டும் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. சிறிய வகுப்புகள், அக்கறையான ஆசிரியர்கள், நல்ல ஆய்வகம், பெரிய மைதானம் என்று எல்லாப் பள்ளியும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். மூன்று மணிக்கு வகுப்பு முடியும். அங்கிருந்து இரவு பத்தரைக்கு விளக்கு அணையும் வரைதான் ஒரு பள்ளி இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது. வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான மைல் வந்த பிள்ளை வாழப்போவதும் அந்த நேரத்தில்தான். அதனால் கீழே நான் ஒப்பிடுவது எல்லாமே பெரும்பாலும் சாயங்காலத்தை வைத்துத்தான்.

பெரிய பள்ளியா, சின்னப் பள்ளியா

எல்லோரும் பெயர் சொல்லிக் கேட்கும் இரண்டு பள்ளிகள் ஆண்டோவரும் எக்ஸெட்டரும். மாசசூசெட்ஸில் உள்ள ஃபிலிப்ஸ் அகாடமி ஆண்டோவர் 1778 இல் தொடங்கியது. நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஃபிலிப்ஸ் எக்ஸெட்டர் அகாடமி 1781 இல். இரண்டாவதைத் தொடங்கியவர் முதலாவதைத் தொடங்கியவருக்குச் சித்தப்பா, ஒரே குடும்பம். இரண்டிலும் ஆயிரத்துக்கு மேல் மாணவர்கள் படிக்கிறார்கள்.

ஆண்டோவர் குன்றுக்கும் தமிழுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அதே குன்றின்மேல் பள்ளியை ஒட்டி ஓர் இறையியல் கல்லூரி இருந்தது. 1862 இல் பெரிய தமிழ்-ஆங்கில அகராதியை வெளியிட்ட மிரன் வின்ஸ்லோ அங்கே படித்துவிட்டுத்தான் யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஏறினார். அவரும் அவர் மனைவி ஹாரியட்டும் 1824 இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளி இன்றும் நடக்கிறது. இதெல்லாம் பள்ளியைத் தேர்ந்தெடுக்க உதவாது. ஆனால் அந்தக் குன்றில் நடக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வரும், அதனால் சொல்கிறேன்.

சரி, ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் சாயங்காலம் எப்படி இருக்கும்? எதைத் தேடினாலும் கிடைக்கும். வானியல், லத்தீன், ரோபாட்டிக்ஸ், இசைக்குழு, உங்களைப் போலவே கணக்குப் பைத்தியம் பிடித்த பத்துப் பேர், எல்லாம் உண்டு. ஆனால் தேடிப் போக வேண்டியது நீங்கள். யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக மாட்டார்கள். உங்கள் விடுதியில் உங்களைத் தெரிந்த பெரியவர்கள் இருப்பார்கள். வளாகம் முழுக்க உங்களைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தானாகப் போய்க் கதவைத் தட்டும் பிள்ளைக்கு இது சொர்க்கம். கூப்பிட்டால்தான் வருவேன் என்கிற பிள்ளை முதல் குளிர்காலத்தில் தனியாகிவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

சின்னப் பள்ளிகள் வேறு மாதிரி. மாசசூசெட்ஸின் க்ரோட்டன் போன்ற பள்ளியில் நானூறு பேருக்கும் குறைவு. கலிஃபோர்னியாவில் ஓஹாய் பள்ளத்தாக்கில் 1889 முதல் இருக்கும் தாச்சர் பள்ளி இன்னும் சிறியது. அங்கே முதல் வருடம் சேரும் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குதிரையின் பொறுப்பு. தீவனம் வைப்பதும் சாணம் அள்ளுவதும் அவர் வேலை. வெர்மான்ட்டில் 1935 இல் தொடங்கிய பட்னி பள்ளிக்குச் சொந்தமாகப் பால்பண்ணை இருக்கிறது. மாணவர்கள் மாட்டுத்தொழுவத்தில் வேலை செய்ய வேண்டும். “இவ்வளவு ஃபீஸ் கட்டி மாடு கறக்கவா?” என்று ஒரு அப்பா என்னிடம் கோபமாகவே கேட்டார். நான் அவரோடு உடன்படவில்லை. குதிரைக்கு உங்கள் மார்க்கும் தெரியாது, நீங்கள் எந்த ஊர் என்றும் தெரியாது. விடிகாலையில் உங்களுக்காக ஓர் உயிர் காத்திருக்கிறது என்பது, புது நாட்டில் முதல் மூன்று மாதம் தடுமாறும் பிள்ளைக்குப் பெரிய பிடிமானம். ஆனால் அத்தகைய சின்னப் பள்ளியில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரு தோழியோடு சண்டை என்றால் மூன்று வேளையும் அவள் முகத்தில் விழிக்க வேண்டும். விருப்பப் பாடங்களும் குறைவாகவே இருக்கும்; பத்தாம் வகுப்பிலேயே கால்குலஸ் முடித்துவிடும் பிள்ளைக்கு அதன் பிறகு படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வட்டமேசையும் வாய்திறக்காத பிள்ளையும்

எக்ஸெட்டரில் வகுப்பறை என்றால் ஒரு பெரிய நீள்வட்ட மேசை. அதைச் சுற்றிப் பன்னிரண்டு மாணவர்கள், கூடவே ஆசிரியர். எட்வர்ட் ஹார்க்னஸ் என்பவர் 1930 இல் கொடுத்த நன்கொடையால் வந்த முறை என்பதால் ஹார்க்னஸ் மேசை என்று பெயர். ஆசிரியர் பாடம் நடத்த மாட்டார். முந்தைய இரவு படித்துக்கொண்டு வந்ததை மாணவர்கள் பேசுவார்கள். இன்று பல பள்ளிகள் இந்த முறையை ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகின்றன.

நம் பிள்ளைகளுக்கு இது சிரமமான இடம். “வாத்தியார் பேசும்போது குறுக்கே பேசாதே” என்று பத்து வருடம் சொல்லி வளர்த்த பிள்ளையை, குறுக்கே பேசினால்தான் மார்க் என்கிற மேசையில் உட்கார வைக்கிறோம். கோவையிலிருந்து வந்த ஒரு பெண், எழுத்தில் வகுப்பிலேயே முதலாவது, நவம்பர் வரை மேசையில் வாய் திறக்கவில்லை. புரியாததால் இல்லை. மற்றவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அங்கே யாரும் முடிப்பதாக இல்லை. ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று இருவரும் ஏற்பாடு செய்துகொண்டோம். பிப்ரவரியில் அவள் பேச்சை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகள் இந்தப் பள்ளிகளுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் சேரும் முன் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. எக்ஸெட்டரில் கணக்குக்குப் பாடப்புத்தகம் கிடையாது. ஆசிரியர்களே எழுதிய கணக்குத் தொகுப்புகள்தான். அவற்றைப் பள்ளி தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முதல் தொகுப்பை இறக்கி, தினமும் எட்டுக் கணக்கு வீதம் ஒரு வாரம் போடுங்கள். மறுநாள் தம்பிக்கோ தோழிக்கோ பலகையில் விளக்குங்கள். சூத்திரம் எங்கும் எழுதியிருக்காது. கணக்குகளின் வழியே நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அந்த வாரம் உற்சாகமாக இருந்ததா, எரிச்சலாக இருந்ததா என்பது எந்தத் தரவரிசைப் பட்டியலையும்விட அதிகமாகச் சொல்லும்.

எக்ஸெட்டர் வளாகத்தின் நூலகம் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்தது, 1971 இல் திறந்தது. அகமதாபாத் ஐஐஎம் செங்கல் கட்டடங்களைப் பார்த்தவர்களுக்கு உள்ளே நுழைந்ததும் அதே கை என்று தெரியும்.

எல்லோரும் தங்குகிறார்களா?

இதைக் கேட்காமலேயே பலர் விண்ணப்பித்துவிடுகிறார்கள். நியூ ஹாம்ப்ஷயரின் செயின்ட் பால்ஸ் பள்ளியில் எல்லா மாணவர்களும் விடுதியில்தான். பாஸ்டன் பக்கத்து மில்டன் அகாடமி போன்றவற்றில் தினமும் வீட்டிலிருந்து வருபவர்களும் நிறைய. வாரநாளில் வித்தியாசம் தெரியாது. சனிக்கிழமை மாலைதான் தெரியும். பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடும் பள்ளியில் சனி, ஞாயிறு வெறிச்சோடிவிடும். மறுபக்கம், உள்ளூர்த் தோழி ஒருத்தி இருந்தால் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உங்களுக்கும் ஓர் இடம் கிடைக்கலாம். இரண்டையும் பார்த்த எனக்கு, தூரதேசத்திலிருந்து வரும் பிள்ளைக்கு எல்லோரும் தங்கும் பள்ளியோ, முக்கால்வாசிக்கு மேல் தங்கும் பள்ளியோதான் நல்லது என்று படுகிறது.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்பீர்கள். சைவம் கிடைக்கும். சாலட், பாஸ்தா, பீன்ஸ், சோறு என்று பட்டினி கிடக்க வேண்டியிருக்காது. ரசமும் கூட்டும் எதிர்பார்க்காதீர்கள். பல விடுதிகளில் தீவிபத்து பயத்தால் அறைக்குள் ரைஸ் குக்கர் வைக்க விடமாட்டார்கள். பொதுச் சமையலறை இருக்கிறதா என்று கேளுங்கள். என்ன சாப்பிடுகிறோம் என்பதோடு யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதையும் பாருங்கள். டீர்ஃபீல்டு அகாடமியில் வாரத்தில் பல வேளை ஒதுக்கப்பட்ட மேசையில்தான் உட்கார வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் ஓர் ஆசிரியர் இருப்பார். மாணவர்கள் முறைவைத்துப் பரிமாறுவார்கள். முதல் வாரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் நிற்கும் அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அது அங்கே கிடையாது. புதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும்.

பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. நியூயார்க் மாநிலத்தில் ட்ராய் நகரின் எம்மா வில்லர்டு 1814 ஐத் தன் தொடக்கமாகச் சொல்கிறது. கனெக்டிகட்டின் மிஸ் போர்ட்டர்ஸ் 1843 இல் தொடங்கியது. அப்பா அம்மாக்கள் பாதுகாப்பு என்று நினைத்து இவற்றைக் கேட்கிறார்கள். பாதுகாப்பு எல்லா நல்ல பள்ளியிலும் ஒன்றுதான். இங்கே உள்ள நன்மை வேறு: இயற்பியல் குழுவின் தலைவியும் பெண், மாணவர் பத்திரிகையின் ஆசிரியரும் பெண். அது பிடிக்கும் என்றால் சேருங்கள். கலைதான் உயிர் என்றால் மிச்சிகனில் இன்டர்லோகன் கலைப் பள்ளி 1962 முதல் இருக்கிறது. அங்கே மதியத்துக்குப் பிறகு பயிற்சிதான்.

அத்தை வீட்டில் தங்கிப் படிக்கலாமா?

“நியூஜெர்சியில் அத்தை இருக்கிறார். அங்கே தங்கி அரசுப் பள்ளியில் சேர்ந்தால் இலவசம்தானே?” மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். முடியாது. எஃப்-1 மாணவர் விசாவில் அமெரிக்க அரசு உயர்நிலைப் பள்ளியில் மொத்தம் 12 மாதம்தான் படிக்க முடியும். அதற்கும் ஒரு மாணவருக்கு ஆகும் முழுச் செலவைப் பள்ளி மாவட்டத்துக்குக் கட்டியாக வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து பள்ளியில் சேர்வது சட்டமீறல். பிற்பாடு கல்லூரி விசாவையே அது கெடுத்துவிடும். தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பன்னிரண்டு மாத வரம்பு இல்லை. அத்தை வீட்டிலிருந்து தனியார் பள்ளிக்குத் தினமும் போய் வருவது ஒரு நல்ல மாற்றுவழி, செலவும் குறையும். ஆனால் அது முழுக்க அத்தையைப் பொறுத்தது. நான்கு வருடம் ஒரு பதின்வயதுப் பிள்ளையைக் காலையும் மாலையும் காரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர வேண்டும். பண்டிகை நாளில் போனில் கேட்டு வாங்கிய சம்மதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஏற்கெனவே அமெரிக்காவில் இருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு வழி உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை. வட கரோலினாவில் டர்ஹம் நகரில் 1980 முதல் மாநில அரசே ஓர் அறிவியல், கணித விடுதிப் பள்ளி நடத்துகிறது. 11, 12 வகுப்புகள். படிப்புக்கும் தங்குவதற்கும் கட்டணம் இல்லை. இல்லினாயில் அரோரா நகரில் 1986 இல் தொடங்கிய இதுபோன்ற பள்ளி 10 ஆம் வகுப்பிலிருந்தே சேர்க்கிறது. அந்தந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்குத்தான் இடம். வட கரோலினாவின் கேரியிலோ இல்லினாயின் நேப்பர்வில்லிலோ இருக்கும் தமிழ்க் குடும்பம் கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைக்காக மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்துக்குப் பெரும்பணம் அனுப்பும் முன் இதைப் பார்க்காமல் விட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அப்புறம், இந்தியாவை விட்டே போக வேண்டுமா என்பதையும் கேட்டுப் பாருங்கள். கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி 1901 இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய விடுதிப் பள்ளி. 1976 இல் இந்தியாவில் முதன்முதலாக ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்ததும் அதுதான். கலந்துரையாடும் வகுப்பு, விடுதி வாழ்க்கை, வெளிநாட்டுக் கல்லூரிக்கான வழி மூன்றும் அங்கே உண்டு. செலவு அமெரிக்கக் கட்டணத்தைவிட வெகு குறைவு. காய்ச்சல் என்றால் அம்மா மறுநாள் காலை வத்தலக்குண்டு வழியாக மலையேறி வந்துவிடலாம். அமெரிக்காவில்தான் பதினான்கு வயதிலேயே படிக்க வேண்டும் என்பதற்கு உங்களிடம் தெளிவான காரணம் இல்லாவிட்டால், கொடைக்கானலை முதலிலும் அமெரிக்காவை இரண்டாவதிலும் வையுங்கள்.

எந்த வகுப்பில் போவது

அமெரிக்கக் கல்லூரிகள் 9 முதல் 12 வரை நான்கு வருட மதிப்பெண்ணையும் பார்க்கும். 9 இல் சேர்ந்தால் எல்லோரும் புதியவர்கள், எல்லோருக்கும் நண்பர்கள் தேவை. அதனால் விடுதிக்கு மிகச் சுலபமான நுழைவு அதுதான். 11 இல் சேர்ந்தால் ஒரு வருடத்திலேயே கல்லூரி விண்ணப்பம் தொடங்கிவிடும். உங்களைப் பற்றி எழுத வேண்டிய ஆசிரியருக்கு உங்களைச் சில மாதமே தெரிந்திருக்கும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதிவிட்டு, இங்கே மறுபடி 10 ஆம் வகுப்பிலேயே சேர்வது. ஒரு வருடம் வீணாகிவிடுமே என்று பாட்டி முதல் எல்லோரும் கவலைப்படுவார்கள். இங்கே ஒரு வகுப்பைத் திரும்பப் படித்துச் சேர்வது சர்வசாதாரணம், யாரும் அதைத் தோல்வி என்று நினைப்பதில்லை. பத்தாவது சான்றிதழ் கையில் இருந்தால், பிடிக்காமல் போனாலும் ஊருக்குத் திரும்பிப் பதினொன்றில் சேரக் கதவு திறந்திருக்கும். மருத்துவமோ ஐஐடியோதான் குறிக்கோள் என்றால் போர்டிங் பள்ளிக்கு வரவே வேண்டாம். நம் ஊரில் 11, 12 இல் எல்லா அறிவியலும் சேர்ந்து ஓடும். இங்கே வருடத்துக்கு ஓர் அறிவியல் என்பதே வழக்கம். நீட்டுக்கும் ஜேஇஇக்கும் இங்கிருந்து தயாராவது இரட்டைச் சுமை.

பணம்

பழைய, பெயர்பெற்ற பள்ளிகளில் தங்கிப் படிக்க வருடத்துக்கு 70,000 டாலர் அளவிலும் அதற்கு மேலும் ஆகிறது. அறுபது லட்சம் ரூபாய்க்கு மேல். விமானச் செலவு, மருத்துவக் காப்பீடு, குளிர்காலத் துணி தனி. நான்கு வருடத்துக்குக் கூட்டிப் பார்த்துவிட்டு, அடுத்து வரும் கல்லூரிக் கட்டணத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். வீட்டை விற்றோ, பாட்டி நகையை அடகு வைத்தோ இந்தப் படிப்புக்குப் பணம் திரட்ட வேண்டாம். பதினான்கு வயதுத் தோளுக்கு அந்தப் பாரம் ஆகாது. முதல் சி கிரேடு வாங்கிய இரவில் “அப்பா நிலத்தை வித்தாங்க மிஸ்” என்று என் சமையலறையில் அழுத பிள்ளையின் முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

“நிதியுதவி கேட்டால் இடம் கிடைக்காமல் போய்விடுமா?” நேர்மையான பதில்: பல பள்ளிகளில், ஆம், பாதிக்கலாம். உதவித் தொகைக்கு ஒரு வருடத்துக்கு இவ்வளவு என்று எல்லை இருக்கிறது. ஒரே தரத்தில் இரண்டு பிள்ளைகள் நின்றால் முழுக் கட்டணம் கட்டும் பிள்ளைக்கு வழி சுலபம். இதற்கு விலக்கும் உண்டு. குடும்பத்தின் பணநிலையைப் பார்க்காமல் சேர்ப்போம் என்று ஆண்டோவர் 2007 இலும் எக்ஸெட்டர் 2021 இலும் முடிவு செய்தன. அங்கே போட்டியோ கடுமை. சமீப வருடங்களில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் பத்துப் பேர் அளவில்தான் இடம் பெறுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு ஒவ்வொரு பள்ளியும் என்ன தருகிறது என்பதை அட்மிஷன் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்தப் பள்ளிகளில் உதவி பெரும்பாலும் தேவையைப் பார்த்துத்தான், மார்க்கைப் பார்த்து இல்லை. வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் தாள்களோடு காட்ட வேண்டும். உதவி தேவை என்றால் முதல் விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். சேர்ந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர் ஏஜென்ட் சொன்னதை நம்பிய குடும்பம், இரண்டாம் வருடம் பிள்ளையைத் திருப்பி அழைத்துக்கொள்ள நேர்ந்ததை அருகிலிருந்து பார்த்தேன்.

விண்ணப்பம்

இது நீங்கள் பயப்படும் அளவுக்குச் சிக்கல் இல்லை. பெரும்பாலான பள்ளிகளுக்குக் கடைசி நாள் ஜனவரி 15. முடிவு மார்ச் 10. உங்கள் பதில் ஏப்ரல் 10 க்குள். பள்ளி திறப்பது ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர். மதிப்பெண் பட்டியல், ஆங்கில ஆசிரியரும் கணித ஆசிரியரும் எழுதும் கடிதங்கள், உங்கள் கட்டுரைகள், பெற்றோர் எழுதும் ஒரு பகுதி, ஒரு நேர்காணல். எஸ்எஸ்ஏடி என்ற பொது நுழைவுத் தேர்வைச் சில பள்ளிகள் கட்டாயமாகவும் பல பள்ளிகள் விருப்பமாகவும் வைத்திருக்கின்றன. அதில் 9 ஆம் வகுப்பிலும் அதற்கு மேலும் சேர்பவர்கள் எழுதும் மேல்நிலைத் தேர்வில் மொத்த மதிப்பெண் 1500 இலிருந்து 2400 வரை. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும், ஆகவே கண்மூடித்தனமாக நிரப்பாதீர்கள். கணக்கில் நம் பிள்ளைகள் தேறிவிடுவார்கள். சொல்வளப் பகுதிதான் இழுக்கும். அதற்கு ஒரே மருந்து ஒரு வருடம் ஆங்கிலக் கதைப் புத்தகங்களாகப் படித்துத் தள்ளுவது. மதிப்பெண் விருப்பம் என்று சொல்லும் பள்ளிக்குச் சராசரி மதிப்பெண்ணை அனுப்பாமல் விடுங்கள், தப்பில்லை.

கட்டுரையை நீங்களே எழுதுங்கள். பணம் கொடுத்து எழுதி வாங்கிய கட்டுரைக்கும் நேர்காணலில் பேசும் பிள்ளைக்கும் உள்ள இடைவெளி ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். “நான் உலகத் தலைவராக விரும்புகிறேன்” என்பதைவிட, தெருவில் கோலப்போட்டி நடத்த நீங்கள் பட்ட பாடு நல்ல கட்டுரை. நேர்காணலில் உங்களிடம் கேள்வி இருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார்கள். இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

இடம் கிடைத்தபின் பள்ளி ஐ-20 என்ற படிவம் அனுப்பும். அதோடு செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவு முறைக்கான 350 டாலர் கட்டணம் செலுத்தி, சென்னைத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணல். முதல் வருடச் செலவுக்காவது பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

விடுமுறையும் தொலைபேசியும்

நவம்பர் கடைசியில் நன்றி நவிலும் விடுமுறைக்கு பெரும்பாலான விடுதிகளை மூடிவிடுவார்கள். டிசம்பரிலும் மார்ச்சிலும் அப்படித்தான். ஐந்து நாளுக்கு இந்தியா போய்வர முடியாது. எங்கே போவீர்கள்? பல பள்ளிகள் அமெரிக்காவில் ஒரு கார்டியன் பெயரைக் கேட்கும். தாளில் மட்டும் இருக்கும் பெயராக அது இருக்கக் கூடாது. என் முதல் வருடத்தில் ஒரு பெண்ணின் கார்டியன் கடைசி நேரத்தில் ஊரில் இல்லை. பெட்டியோடு விடுதி வாசலில் நின்றாள். எங்கள் வீட்டிலேயே தங்கினாள்; முருங்கைக்காய் இல்லாத சாம்பாரை ஐந்து நாளும் விரும்பிச் சாப்பிட்டாள். எல்லா விடுதியிலும் இப்படி ஒரு வீடு இருக்கும் என்று நம்பிக்கொண்டு வராதீர்கள். விடுமுறையில் திறந்திருக்கும் பள்ளிகளும், தங்க வீடு ஏற்பாடு செய்யும் பள்ளிகளும் உண்டு. அது எந்தப் பள்ளி என்று பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள்.

நேர வித்தியாசத்தையும் கணக்குப் போடுங்கள். அம்மா காலை ஆறு மணிக்குக் காபி போட்டுவிட்டுக் கூப்பிடும்போது, கிழக்குக் கரையில் செப்டம்பரில் இரவு எட்டரை. ஸ்டடி ஹால் நேரம். சில பள்ளிகளில் போனையே வாங்கி வைத்துவிடுவார்கள். கலிஃபோர்னியாவில் அது மாலை ஐந்தரை, தாராளமாகப் பேசலாம். அற்பமாகத் தோன்றும். டிசம்பரில் நாலேகாலுக்குச் சூரியன் மறைந்து பனி கொட்டும் நியூ இங்கிலாந்தில், வீட்டோடு பேச முடிகிற நேரம் அற்பமே இல்லை.

இரண்டு இடம் கிடைத்தால்

மார்ச் 10 க்கும் ஏப்ரல் 10 க்கும் நடுவில் இருக்கும் மாதத்தை முழுதாகப் பயன்படுத்துங்கள். இடம் கொடுத்த பிள்ளைகளைப் பள்ளிகள் மறுபடி அழைத்துச் சுற்றிக்காட்டும். வர முடியாவிட்டால், அங்கே படிக்கும் இந்திய மாணவர் ஒருவரோடு அட்மிஷன் அலுவலகம் இல்லாமல் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். பெற்றோரும் கூட இருக்க வேண்டாம். எல்லாப் பள்ளியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “போன புதன்கிழமை இரவு ஏழிலிருந்து பத்து வரை நீ எங்கே இருந்தாய், யாரோடு, உனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தால் எந்தக் கதவைத் தட்டியிருப்பாய்?”

இரண்டு வருடம் முன் மதுரைப் பெண் ஒருத்திக்கு இப்படி இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று ஆயிரம் பேர் படிக்கும் பள்ளி, மற்றது முந்நூறு பேருக்குள் உள்ள பள்ளி. அமைதியான பெண் என்பதால் சின்னதைத்தான் சொன்னேன். அவள் இரண்டு பள்ளி மாணவிகளிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பெரியதைத் தேர்ந்தெடுத்தாள். அங்கே பேசிய பெண் புதன்கிழமை இரவெல்லாம் மரவேலைக் கூடத்தில் வயலின் செய்துகொண்டிருந்தாளாம்; கூடத்தின் ஆசிரியர் ஒன்பதரைக்கு வீட்டுக்குப் போகச் சொல்லும் வரை. “எனக்கு அந்த ரூம்ல உட்காரணும் மிஸ்” என்றாள். நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. ஏப்ரல் 9 ஆம் தேதி கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள்.